புல்லட் ரயிலும் பூனைப் படமும்



போன மாத மடலில் வந்த சீனப் பயணக் குறிப்பைப் பற்றித்தான் இது. எழுதின தோழர் என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். எனக்கு மார்க்ஸை வாசிக்கக் காட்டித் தந்தவர்களில் ஒருவர். அதனால் மரியாதையோடுதான் சண்டை பிடிக்கப் போகிறேன். ஷாங்காயிலிருந்து பெய்ஜிங்குக்கு நாலரை மணித்தியாலத்தில் போன ரயில், இரவு பதினொரு மணிக்குத் தனியாக நடந்து போகிற பெண்கள், தெருவில் படுத்திருக்கிற ஒருத்தரையும் காணாதது, இதெல்லாவற்றையும் எழுதிவிட்டு, அமெரிக்கர்கள் சீனாவைப் பற்றி நினைப்பது முழுக்கப் பொய் என்று முடித்திருந்தார். அதற்கு மூன்று பேர் பதில் போட்டார்கள். மூன்றும் ஒரே பதில்தான்: உய்குர், ஹொங்கொங், தியனன்மென், ஆகவே வோஷிங்டன் சொல்வது சரி.

யாருடைய படம் உண்மை என்பதுதான் இரண்டு பக்கத்தின் கேள்வியும். அந்தப் படங்களை யார் கீறுகிறார்கள், எதற்காகக் கீறுகிறார்கள் என்று ஒரு இடதுசாரி மடலில் ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது அதில்தான்.

முதலில் பூனைக் கதை. 2025 ஜனவரி. டிக்டொக் தடைச்சட்டத்தில் பைடன் அதற்கு முந்தைய ஏப்ரலிலேயே கையெழுத்து வைத்துவிட்டார். அது அமுலுக்கு வர ஒரு கிழமை இருந்தது. எங்கட தரவு சீனாவுக்குப் போகக்கூடாது எண்டுதானே சொல்லுறீங்கள், நாங்களே நேர கொண்டுபோய்க் குடுக்கிறம் என்ற மாதிரி, ஏராளமான அமெரிக்க இளசுகள் சியாவோஹொங்ஷு என்ற சீனச் செயலிக்குள் போய் இறங்கினார்கள். பெயரின் பொருள் சின்னச் சிவப்புப் புத்தகம். அப்பிளின் அமெரிக்கச் செயலிக் கடையில் அது முதலாம் இடத்துக்கு வந்தது. உள்ளே இருந்த சீனர்கள் வந்தவர்களிடம் ஒரு வரி கேட்டார்கள்: உன்னுடைய பூனையின் படம். சிலர் ஆங்கில வீட்டுப்பாடத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள். சீனப் பள்ளிக்கூட ஆங்கிலப் பரீட்சையில் லி ஹுவா என்று ஒரு கற்பனை மாணவன் இருக்கிறான். வருசா வருசம் வெளிநாட்டு நண்பனுக்கு அவன் பெயரில் கடிதம் எழுத வேண்டும். பதில் ஒருநாளும் வராது. அந்தக் கிழமை அமெரிக்கர்கள் லி ஹுவாவுக்குப் பதில் எழுதினார்கள், உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது, பிந்தியதற்கு மன்னித்துக்கொள் என்று. ஆய்வுக்கூடத்தில் இருந்து அதை வாசித்து நான் அழுதேன். உண்மையாகத்தான்.

பூனை முடிய பில் தொடங்கியது. அம்புலன்சுக்கு எவ்வளவு, இன்சுலினுக்கு எவ்வளவு, இரண்டு வேலை செய்கிறது உண்மையா, படிப்புக் கடன் எத்தனை வருசம். சீனர்களில் கனபேர் இதெல்லாம் தங்கள் அரசாங்கத் தொலைக்காட்சி ஊதிப் பெருப்பித்த கதை என்று நினைத்திருந்தார்கள். அது மெய் என்று அமெரிக்கர்களின் வாயாலேயே கேட்டபோது திகைத்துப் போனார்கள். சீனத்தில் இதற்குக் கணக்கு ஒப்புப் பார்த்தல் என்று ஒரு பெயரும் வந்தது. முதலாளி கணக்கைத் தனித்தனியாகத்தானே காட்டுவான். இரண்டு கடைத் தொழிலாளர் பேரேட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த மாதிரி இருந்தது அது.

உடனே தாராளவாதப் பத்திரிகைகள் தொடங்கிவிட்டன. பார்த்தீர்களா, மக்கள் மக்களோடு கதைத்தால் பகை தீரும்! இதை நான் நம்பவில்லை. அந்தச் செயலியில் இருப்பது பெரும்பாலும் நகரத்து இளம் மத்தியதர வர்க்கம். அங்கே அமெரிக்கர்கள் பார்த்த சீனா நல்ல சமையலறையும் மெட்ரோவும். 2022 நவம்பரில் செங்ஜோ ஃபொக்ஸ்கொன் வளாகத்துக்குள் சம்பளத்துக்காகப் பொலிசோடு மோதின பெடியன்கள் பூனையோடு வந்து அங்கே நிற்கவில்லை. வந்திருந்தாலும் அந்தப் பதிவு அரை மணித்தியாலம் தங்கியிராது. பிறகு டிரம்ப் தடையைத் தள்ளிப்போட, கனபேர் டிக்டொக்குக்கே திரும்பிப் போனார்கள். பூனைகள் தடைச்சட்டத்தில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களுக்குச் சீனர் யார் என்று தெரிய வேண்டிய தேவையே இருக்கவில்லை. 2024 ஜனவரியில் செனட் விசாரணையில் டொம் கொட்டன் டிக்டொக் தலைமை அதிகாரி ஷோ சி சூவிடம் நீ எந்த நாட்டுப் பிரஜை, சீனக் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த மனிசன் சிங்கப்பூர்க்காரன். நான் சிங்கப்பூரான் என்று சொல்லிச் சொல்லியே களைத்துப் போனான்.

அமெரிக்கர்கள் சீனர்களைத் தெரியாததால்தான் வெறுக்கிறார்கள் என்ற கதைக்கு வரலாற்றில் இடமில்லை. பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள்தான் முதலில் வெறுத்தார்கள். 1867 ஜூன், சியரா நெவாடா மலை. ரயில் பாதைக்காகப் பாறை குடைந்துகொண்டிருந்த 3,000க்கு மேற்பட்ட சீனத் தொழிலாளர்கள் வெள்ளையருக்குச் சமமான சம்பளமும் குறைந்த வேலைநேரமும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். சென்ட்ரல் பசிபிக் கம்பனியின் சார்ல்ஸ் குரொக்கர் மலைக்குப் போகிற சாப்பாட்டை நிறுத்தினான். ஒரு கிழமையில் பசி வேலைநிறுத்தத்தை முறித்தது. வெள்ளைத் தொழிலாளர்கள் சேரவில்லை. பதினைந்து வருசம் கழித்து, 1882இல், சீனர் விலக்குச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் சீனர் எல்லோருக்கும் கதவை மூடவில்லை, சீனத் தொழிலாளருக்கு மூடியது. வியாபாரிக்கும் மாணவருக்கும் வாசல் திறந்திருந்தது. சட்டம் எழுதினவனுக்கு வர்க்கம் என்றால் என்னவென்று எங்களைவிட நல்லாக விளங்கியிருக்கிறது.

எங்கள் பக்கத்து வெட்கக்கேட்டையும் சொல்ல வேண்டும். பொருளில் சங்க முத்திரை பார்த்து வாங்குங்கள் என்று நாங்கள் பெருமையாகச் சொல்கிறோமே, அந்த முத்திரை தொடங்கிய இடங்களில் ஒன்று 1870களின் சான் பிரான்சிஸ்கோச் சுருட்டுத் தொழில். இது வெள்ளையன் சுற்றின சுருட்டு, சீனன் சுற்றினதல்ல என்று காட்டுவதற்கு ஒட்டிய முத்திரை அது. 1885இல் வயோமிங்கின் ரொக் ஸ்பிரிங்ஸில் வெள்ளைச் சுரங்கத் தொழிலாளர்கள் 28 சீனச் சுரங்கத் தொழிலாளர்களைக் கொன்றார்கள், ஒருத்தரும் தண்டிக்கப்படவில்லை. 1902இல் அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனம் விலக்குச் சட்டத்தை நீடிக்கக் கேட்டு வெளியிட்ட துண்டுநூலின் தலைப்பிலேயே இறைச்சியா சோறா என்று ஒரு போட்டி வைத்திருந்தது. சோறு தின்கிறவன் இறைச்சி தின்கிறவனின் கூலியைக் குறைத்துவிடுவானாம். (சோறு தின்கிற நாங்கள் இதை வாசித்துச் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.) 1982இல் டெட்ரொயிட்டில் வின்சென்ட் சின் என்ற சீன இளைஞனை அடித்துக் கொன்ற இருவரும் கார்த் தொழிற்சாலை உலகத்து ஆட்கள். ஜப்பான் கார்களின் மேல் இருந்த ஆத்திரம் ஒரு சீனனின் தலையில் இறங்கியது. தண்டனை 3,000 டொலரும் நன்னடத்தைப் பிணையும், சிறை இல்லை.

இந்த வெறுப்பைத் தேவைப்பட்டால் நிறுத்தவும் அவர்களுக்குத் தெரியும். பேர்ள் ஹாபருக்கு இரண்டு கிழமைக்குப் பிறகு, 1941 டிசம்பரில், லைஃப் சஞ்சிகை சீன முகத்தையும் ஜப்பானிய முகத்தையும் அடையாளம் பிரிக்கப் படம் போட்டு அம்புக்குறி வைத்து வகுப்பெடுத்தது. சீனன் இப்போது நண்பன். 1943இல் விலக்குச் சட்டம் நீக்கப்பட்டது, வருசத்துக்கு 105 பேர் வரலாம் என்ற கருணையோடு. கேலப் கணக்கில் 1989 தொடக்கத்தில் அமெரிக்கர்களில் 72 வீதம் பேருக்குச் சீனாவைப் பற்றி நல்ல எண்ணம். தியனன்மென் படுகொலைக்குப் பிறகு, ஓகஸ்டில், 34. அந்த அதிர்ச்சி நியாயமானது. அதற்காக வோல்மார்ட் சீனாவில் கொள்வனவை நிறுத்தவில்லை. பியூ கணக்கில் 2023இல் 83 வீதம் பேருக்குச் சீனா மேல் கெட்ட எண்ணம். அந்த வருசம் அங்கே டாங்கி ஒன்றும் ஓடவில்லை. போட்டி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, மறுபக்கம். தோழர் பார்த்த பக்கம். சீனத்தில் அமெரிக்காவின் பெயர் மெய்குவோ, அழகிய நாடு. 1905இல் விலக்குச் சட்டத்தை எதிர்த்து சீன நகரங்கள் அமெரிக்கப் பொருட்களைப் பகிஷ்கரித்தன. 1946இல் மாவோ அதைக் காகிதப் புலி என்றார். எண்பதுகளில் அது திரும்பவும் கனவு. இன்றைக்கு இணையத்தில் நக்கலாகக் கலங்கரை விளக்க நாடு. அரசாங்கத் தொலைக்காட்சி காட்டுகிற துப்பாக்கிச் சூடும் கூடாரத்தில் வாழ்கிற மனிசரும் மருத்துவக் கடனும் எல்லாம் உண்மை, நான் அதன் நடுவில்தான் குடியிருக்கிறேன். ஆனால் அது யாருக்குக் காட்டப்படுகிறது? மழைக்குள் சாப்பாட்டுப் பொதியோடு மோட்டார் சைக்கிளில் ஓடுகிறவனுக்கு. உன்ர நிலைமை பரவாயில்லை, அங்க பார் எண்டு. 1988இல் ஆறு மாதம் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்து, 1991இல் அதன் முரண்பாடுகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்ட வாங் ஹூனிங் இன்று கட்சியின் அரசியல் குழு நிலைக்குழுவில் இருக்கிறார். அமெரிக்காவில் வீடில்லாதவர்களையும் பார்த்தார், கறுப்பினத்தவர் நிலையையும் பார்த்தார். ஆனால் அவர் இருக்கிற கட்சி அதிலிருந்து எடுத்த பாடம் சமத்துவம் அல்ல, கட்டுப்பாடு.

கட்சியை வெறுக்கிற சீனத் தாராளவாதிகளில் ஒரு கூட்டம் டிரம்பைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. பெய்ஜிங் திட்டுகிற நாடு நல்ல நாடாகத்தான் இருக்கும், அதில் பெய்ஜிங்கை அதிகம் திட்டுகிறவன் மிக நல்லவனாகத்தான் இருப்பான். நிறவெறி, அகதிகள் என்று கதைக்கிற ஆட்களுக்கு அங்கே வெள்ளை இடது என்று ஒரு வசைச்சொல்லே உண்டு. தோழர், கோபிக்காதீர்கள். உங்கள் பயணக் குறிப்பின் கண்ணாடிப் பிம்பம் இவர்கள். அவர்கள் தங்கள் அரசாங்கத்தின் மேல் உள்ள வெறுப்பால் டெக்சஸில் சுதந்திரத்தைக் கண்டார்கள். நீங்கள் உங்கள் அரசாங்கத்தின் மேல் உள்ள வெறுப்பால் ஒரு ரயிலில் சோஷலிசத்தைக் கண்டீர்கள்.

முதலாளிகளுக்கு மட்டும் இந்தப் பார்வைக் கோளாறு இல்லை. ஒருத்தரை ஒருத்தர் துல்லியமாகவே பார்க்கிறார்கள். 'அமெரிக்கன் ஃபக்டரி' என்ற ஆவணப்படத்தைப் பார்க்காதவர்கள் பாருங்கள். ஒஹாயோவின் மொரெயினில் ஜெனரல் மோட்டர்ஸ் ஆலை 2008 டிசம்பரில் மூடப்பட்டது. அதே கட்டிடத்தில் ட்சாவ் தெவாங்கின் ஃபுயாவ் கம்பனி கார்க் கண்ணாடி செய்ய வந்தது. சம்பளம் பழைய ஆலையின் பாதியளவு. படத்தில் சீன மேற்பார்வையாளர்கள் அமெரிக்கர்களைச் சோம்பேறிகளாகப் பார்க்கிறார்கள், அமெரிக்கர்கள் சீனர்களை இரக்கமில்லாதவர்களாகப் பார்க்கிறார்கள். பண்பாட்டு மோதல் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். ஆனால் சங்கம் கேட்டபோது என்ன நடந்தது? சீன முதலாளி அமெரிக்காவின் சங்க முறியடிப்பு ஆலோசகர்களுக்குக் காசு கட்டினான். அங்கே ஒரு பண்பாட்டு மோதலையும் காணோம்! 2017 நவம்பர் வாக்கெடுப்பில் சங்கத்துக்கு 444, எதிராக 868. சீனாவில் உள்ள தாய் ஆலையில் சங்கம் உண்டு. அதன் தலைவர் முதலாளியின் மைத்துனர், கட்சிச் செயலாளரும் அவர்தான். மச்சான் சங்கம். அதைவிட மலிவான ஆலோசகர் கிடைக்கமாட்டார்.

996 என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: காலை 9 முதல் இரவு 9, கிழமைக்கு 6 நாள். 2019இல் ஜக் மா இதை ஒரு பாக்கியம் என்றார். சீன உச்ச நீதிமன்றம் 2021இல் சட்டவிரோதம் என்றது. 2025இல் சான் பிரான்சிஸ்கோவின் செயற்கை நுண்ணறிவுக் கம்பனிகள் அதே எண்ணைச் சொல்லி ஆள் எடுக்கின்றன. சீனன் இப்படி உழைக்கிறான், நாங்கள் தூங்கினால் போட்டியில் தோற்போம் என்பதுதான் வாதம். பெய்ஜிங்கில் அமெரிக்கா சொல்லி உழைக்க வைக்கிறான், இங்கே சீனா சொல்லி உழைக்க வைக்கிறான்.

இந்தச் சுவரில் ஓட்டை விழுந்ததும் உண்டு. அதைப் பற்றி எங்கள் மடலில் ஒரு வரியும் வந்ததில்லை. 2019இல் சீன நிரலாளர்கள் 996க்கு எதிரான பட்டியலை கிட்ஹப்பில் போட்டார்கள், சீன உலாவிகள் அதை மறித்தன. அப்போது மைக்ரோசொஃப்ட் ஊழியர்கள் கையெழுத்திட்டு, இதை எங்கள் கம்பனி தணிக்கை செய்யக்கூடாது என்று கேட்டார்கள். அதற்கு முந்தின வருசம் ஷென்சென்னில் ஜாசிக் தொழிலாளர்கள் சங்கம் அமைக்கப் போய் வேலை இழந்து கைதானார்கள். பெய்ஜிங் பல்கலைக்கழக மார்க்சிய மாணவர்கள் அவர்களுக்குத் துணைக்குப் போய் அவர்களும் பிடிபட்டார்கள். யுவே சின் அவர்களில் ஒருவர். சோஷலிச நாட்டில் மார்க்ஸ் படித்த பிள்ளைகள், தோழர். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத் தொழிலுறவுப் பள்ளி, மாணவர்களைத் தண்டித்ததற்காக ரென்மின் பல்கலைக்கழகத்தோடு இருந்த பரிமாற்றத்தை 2018 ஒக்டோபரில் இடைநிறுத்தியது. உங்கள் ரயில் அந்த ஊர்களுக்கும் போகும்.

2025 ஏப்ரலில் ஜே.டி. வான்ஸ், சீனக் குடியானவர்களிடம் கடன் வாங்கி, அதே குடியானவர்கள் செய்த பொருளை நாங்கள் வாங்குகிறோம் என்று தொலைக்காட்சியில் இழிவாகச் சொன்னபோது சீன இணையம் கொதித்தது. கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் சீன நகரங்களைக் கட்டின, தயாரிப்பு வரிசைகளில் நிற்கிற, 30 கோடிக்கு அண்மையான புலம்பெயர் தொழிலாளருக்கு அங்கே அதிகாரபூர்வப் பெயரே விவசாயத் தொழிலாளர் என்பதுதான். ஹுகோ பதிவு ஊரில் இருப்பதால் அவர்களின் பிள்ளைகளுக்கு நகரத்துப் பள்ளிக்கூடம் கிடைப்பது பெரும்பாடு. வான்ஸ் சொன்ன சொல்லை அவர்கள் முதன்முதல் கேட்டது அமெரிக்கன் வாயால் அல்ல.

தமிழர்களுக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு இரண்டே வரி. 2009 மே 27, ஜெனீவா: முள்ளிவாய்க்கால் முடிந்து ஒன்பதாம் நாள், மனித உரிமைப் பேரவையில் இலங்கை அரசை மெச்சிய தீர்மானம் 29 வாக்குகளால் நிறைவேறியது, சீனாவும் கியூபாவும் இந்தியாவும் ஆதரவு. இப்போது இந்த இரண்டு பேரின் பகையால் ஐபோன் வேலை ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிறது, அதோடு 2023இல் பன்னிரண்டு மணிநேர வேலைச் சட்டமும் வந்து, எதிர்ப்பால் திரும்பிப் போனது.

கடைசியாக என் ஆய்வுக்கூடத் தோழி ஒருத்தி. பெயர் எழுத மாட்டேன், ஊரும் எழுத மாட்டேன். 2018 தொடக்கம் 2022 வரை நீதித் திணைக்களம் நடத்திய 'சீன முன்னெடுப்பு' விஞ்ஞானிகளை வேட்டையாடியது; எம்ஐடியின் காங் சென் போன்றவர்கள் மேல் போட்ட வழக்குகள் உடைந்து விழுந்தன. அந்தக் காலத்தில்தான் இவள் வந்தாள். ஒவ்வொரு முறை ஊருக்குப் போய் வரும்போதும் விமான நிலையத்தில் தனி அறை, மடிக்கணினி, உன் தகப்பன் கட்சியில் இருக்கிறாரா. 2022 நவம்பரில் உரும்சி தீ விபத்துக்காக எங்கள் வளாகத்தில் வெள்ளைத் தாள் பிடித்து நின்றவர்களில் அவளும் ஒருத்தி. முகக்கவசம் போட்டிருந்தாள். இரண்டு கிழமைக்குள் அவளுடைய தாயாருக்கு ஊர்ப் பொலிசிடமிருந்து அழைப்பு, மகள் நல்லாப் படிக்கிறாளா என்று. 2025 மே மாதம் ரூபியோ சீன மாணவர்களின் விசாக்களைத் தீவிரமாக ரத்துச் செய்வோம் என்றார். ஓகஸ்டில் டிரம்ப் 6 இலட்சம் பேர் வரலாம் என்றார். இடையில் வர்த்தகப் பேச்சு. அந்த மூன்று மாதமும் அவள் சூட்கேஸைக் கட்டிலுக்கு அடியில் கட்டிவைத்தபடியே இருந்தாள்.

போன மாத மடலை நான் அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், பயணக் குறிப்பையும் மூன்று பதில்களையும். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதில் நான் எங்கே இருக்கிறேன்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. இவ்வளவும் எழுதினது அதனால்தான்.

எங்கள் பட்டப்பின் மாணவர் சங்கத்தில் ஒரு தீர்மானம் இருக்கிறது. விசா பறிக்கப்பட்டாலும் எல்லையில் மறிக்கப்பட்டாலும் சங்க நிதியிலிருந்து வழக்கறிஞர், அந்த மாணவரின் சம்பளம் ஆறு மாதத்துக்குத் தொடர வேண்டும். வெளிநாட்டு அரசாங்கம் ஒன்று மிரட்டினால் அதையும் பல்கலைக்கழகம் பதிவு செய்து பாதுகாப்புத் தர வேண்டும். முதல் பாதியை ஒரு பக்கத்தார் வெட்டச் சொல்கிறார்கள், சங்கத்துக்குப் புவியரசியல் வேண்டாமாம். இரண்டாம் பாதியை நம்மாட்கள் வெட்டச் சொல்கிறார்கள், அது ஏகாதிபத்தியத்துக்கு உதவுமாம். நான் இரண்டையும் சேர்த்தே முன்வைக்கிறேன். வாக்கெடுப்பு அடுத்த வியாழன் மாலை ஆறு மணிக்கு. எங்கள் வளாகத்தில் படிக்கிற, கற்பிக்கிற ஏழு பேர் இந்த மடலைப் பெறுகிறீர்கள். ஏழு பேரும் வாருங்கள், பயணக் குறிப்பு எழுதின தோழரின் மகள் உட்பட. சீன மொழித் துண்டறிக்கை தயார். மொழிபெயர்த்தவர் பெயர் அதில் இருக்காது.